தீராந்திக்குக் கீழே ஓர் ஆள்

நிக்கொலஸ் கேட்டது இவ்வளவுதான்: "ஐயா, என்ர கட்டிலைக் கொஞ்சம் அங்கால தள்ளிப் போடேலுமோ?"

இந்தக் கேள்வியால் வந்ததையெல்லாம் பார்த்த பிறகு, ஆத்திமுனைச் சனங்கள் கனகாலத்துக்கு அரசாங்க உத்தியோகத்தர் எவரிடமும் கேள்வி கேட்காமல் இருந்தார்கள். மணி என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

ஆத்திமுனை, புத்தளத்துக்கு எதிர்க்கரையில், மாம்புரிக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கடல்நீர் தேங்கிய களப்புமாகக் கிடந்த மணல்திட்டில் இருந்த ஊர். வெள்ளைக்காரருடைய ஆட்சி முடியப்போகிறது என்று கொழும்பில் அப்போது பேசிக்கொண்டார்கள். ஆத்திமுனையில் அது தொடங்கியதே பலருக்குச் சரியாகத் தெரியாது. அரசாங்கம் என்று அங்கே கண்ணுக்குத் தெரிந்தது ஓர் ஆஸ்பத்திரி மட்டும்தான். நீளமான ஓட்டுக் கட்டிடம். முன்பாதியில் ஆண்கள், பின்பாதியில் பெண்கள், நடுவில் ஒரு சாக்குத் திரை. அதை நடத்தியவர் அல்பேட் என்ற அப்போதிக்கரி. டாக்குத்தரை அனுப்ப முடியாத ஊர்களுக்கு, டாக்குத்தருடைய வேலையைக் குறைந்த சம்பளத்தில் செய்வதற்காக அரசாங்கம் அனுப்பிய மனிதர் அவர். கூரையின் பாரம் முழுவதையும் கட்டிடத்தின் நீளத்துக்கு ஓடிய ஒரே ஒரு பெரிய மர உத்தரம் தாங்கியது. அந்தப் பக்கத்தில் அதற்குத் தீராந்தி என்று பெயர். தீராந்தியைக் கறையான் உள்ளுக்குள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது.

நிக்கொலஸ் கடலுக்குப் போகிறவன். சோளகக் காற்று அடங்கத் தொடங்கிய நாட்களில், வள்ளத்தைக் கரைக்கு ஏற்றும்போது உருளைக்கட்டை சறுக்கி, வள்ளம் அவனுடைய வலக்காலில் சாய்ந்துவிட்டது. மைத்துனன்மார் மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அல்பேட் எலும்பைப் பொருத்தி, பலகை வைத்துக் கட்டி, வெறுமையாகக் கிடந்த நடுக் கட்டிலில் கிடத்தினார். அந்தக் கட்டில் ஏன் வெறுமையாகக் கிடந்தது என்பது நிக்கொலசுக்கு மறுநாள் காலையில் தெரிந்தது. மனைவி யூஜீனியா கொண்டுவந்த கஞ்சியில் மேலேயிருந்து தூள் கொட்டியது.

யூஜீனியா அப்போது பிள்ளை வயிற்றோடு இருந்தாள். முதல் இரண்டு பிள்ளைகளும் வீட்டிலே பிறந்து, ஞானஸ்நானம் கொடுக்க முந்தியே போய்விட்டன. இந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரியில்தான் பெறுவது என்று அவள் மாதாவுக்கு முன்னால் நேர்ந்திருந்தாள். அதனால் ஆஸ்பத்திரிக் கூரையைப் பற்றி அவளுக்கும் ஓர் அக்கறை இருந்தது.

"இஞ்சாருங்கோ, மேல பாருங்கோ. அது கீழ வளைஞ்சிருக்குது," என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் அபூசாலி நானா. ஊரிலே சின்னக் கடை வைத்திருந்த கிழவர். மகள் அஸீஸாவைக் களப்புக்கு அக்கரையில், தில்லையடியில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். தொய்வு வருத்தம் வந்து மூச்சு இழுக்கும்போதெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்வார்.

"அது இன்னைக்கு நேத்து வளைஞ்சதில்ல மவன்," என்றார் அவர். "காத்தடிச்சா என்னோட பேசவும் செய்யும். நான் பதில் சொல்றல்ல. பழக்கம் வெச்சிக்கிட்டா ஒறவு கேக்கும்."

அதற்குப் பிறகுதான் நிக்கொலஸ் அந்தக் கேள்வியைக் கேட்டான். அல்பேட் உடனே கட்டிலைத் தள்ளியும் போட்டார். அவர் கொஞ்சம் பொறுப்பில்லாத மனிதராக இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

தீராந்தியை மாற்றித் தரும்படி அல்பேட் பல வருஷங்களாகக் கேட்டுவந்தார். கட்டிட வேலைப் பகுதி, அது சுகாதாரப் பகுதியின் ஆஸ்பத்திரி என்றது. சுகாதாரப் பகுதி, அது கட்டிட வேலைப் பகுதியின் கூரை என்றது. இரண்டும் சரியான பதில்கள்தான். இப்போது புதிதாக ஒரு கட்டளைச்சட்டம் வந்திருந்தது. வைத்திய சேவையில் எங்கேயாவது ஆபத்து இருக்கிறது என்று தோன்றினால், அதைப் பற்றி விசாரிக்கும்படி உத்தரவிட அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. யாரையும் அழைக்கலாம், எதையும் முத்திரை வைத்துப் பூட்டலாம், குறுக்கே நிற்பவரைத் தண்டிக்கலாம். கண்டுபிடித்த ஆபத்தை என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் அதில் ஒன்றும் இல்லை. அது வேறொரு சட்டத்தில் வரும் என்று நினைத்திருக்க வேண்டும். நோயாளி ஒருவர் தீராந்தியைக் கண்டு பயப்படுகிறார் என்று அல்பேட் மேலிடத்துக்கு எழுதினார்.

வழக்கத்துக்கு மாறாக உடனே பதில் தந்தியில் வந்தது. விசாரணைக்கு உத்தரவாகிவிட்டது. எந்தப் பொருளையும் அசைக்கக் கூடாது. அசைத்தவற்றை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும்.

அல்பேட் தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"குறை நினைக்காத நிக்கொலஸ். கொஞ்ச நாளைக்குத்தான்."

அவரும் ஒரு வேலையாளுமாகக் கட்டிலைத் திரும்பத் தீராந்திக்கு நேர் கீழே இழுத்துவிட்டார்கள்.

விசாரணைக் குழு மோட்டார் காரில் வந்தது. ஊருக்கு வெளியே கார் மணலில் புதைந்ததால், அதற்கு முன்னால் எருதுகளைப் பூட்டி இழுத்து வந்தார்கள். தலைவர் விட்கம் துரை, ஒல்லியாக உயர்ந்த வெள்ளைக்காரர்; எவரிடமும் குரலை உயர்த்தாதவர். அவருடைய பேச்சைத் தமிழாக்குவதற்குக் கஸ்பார் முதலியார் வந்திருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டேயிருந்தாலும் ஒரு பொத்தானையும் கழற்றாத மனிதர். பின்னால் எழுதுகிற இருவரும், ஒரு பொலிஸ்காரனும், கதிரை மேசைகளும், பெரிய கித்தான் கூடாரமும் வந்தன.

துரை ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்தார். தலையை உள்ளே நீட்டி மேலே பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு அடி அடியாகப் பின்னால் வந்து, முற்றத்தில் நின்று பேசினார். முதலியார் அதைக் கட்டிலில் கிடந்தவர்களுக்கும் கேட்கும்படி உரத்த குரலில் தமிழில் சொன்னார்:

"இந்தக் குழுவின் முதற் கடமை தன்னைப் பாதுகாத்துக்கொள்வதாகும். குழுவின்மீது கூரை விழுந்துவிட்டால், நோயாளிகளின்மீது விழக்கூடிய கூரையைப் பற்றி விசாரிப்பதற்கு யார் இருப்பார்கள்? ஆகவே நோயாளிகளின் நன்மையை முன்னிட்டு, நாங்கள் உள்ளே வரமாட்டோம்."

நோயாளிகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

முற்றத்துப் பூவரசின் கீழே கூடாரம் அடிக்கப்பட்டது. அங்கிருந்து துரை தூரக்கண்ணாடியால் ஜன்னல் வழியே தீராந்தியைப் பார்த்தார். நிக்கொலசை வெளியே தூக்கி வந்து விசாரிக்க முடியாது; அவனும் அசைக்கக் கூடாத பொருட்களில் ஒன்று. ஆகவே துரை கூடாரத்தில் கேள்வி கேட்பார். முதலியார் வெயிலில் நடந்து ஜன்னலுக்கு வந்து அதைத் தமிழில் கேட்பார். பதிலோடு திரும்பிப் போவார்.

"ஆபத்தை நீர் முதன்முதலில் எப்போது உணர்ந்தீர்?"

"கஞ்சிக்குள்ள தூள் விழேக்க ஐயா."

முதலியார் போய்விட்டு வந்தார்.

"தூள் உமக்கு ஏதாவது காயத்தை ஏற்படுத்தியதா?"

"இல்லை ஐயா."

போனார், வந்தார்.

"தீராந்தி உம்மேல் எப்போதாவது விழுந்ததுண்டா?"

"விழுந்தா நான் எப்பிடி ஐயா கதைக்கிறது?"

இந்தப் பதிலோடு முதலியார் போனபோது கூடாரத்தில் நெடுநேரம் ஆலோசனை நடந்தது. கடைசியில் அவர் திரும்பி வந்து, "சாட்சி கேள்விக்கு நேரடியாகப் பதிலளிக்கவில்லை என்று பதியப்பட்டுள்ளது," என்று அறிவித்தார்.

கண்டிப் பக்கத்திலிருந்து கறையான்களைப் பற்றிப் படித்த ஒருவரும் வரவழைக்கப்பட்டார். அவர் ஏணி வைத்து ஏறி, தீராந்தியைச் சுட்டுவிரலால் தட்டிப் பார்த்தார். விரல் உள்ளே போனது. கறையான்கள் நல்ல சுகத்தோடு இருக்கின்றன என்று சொல்லிவிட்டு இறங்கினார். அல்பேட் அவற்றுக்கு மருந்து அடிக்க அனுமதி கேட்டார். விசாரணை முடியும்வரை ஒரு கறையானுக்கும் தீங்கு வரக் கூடாது என்று குழு உத்தரவிட்டது.

நிக்கொலஸ் இதையெல்லாம் மல்லாந்து கிடந்தபடியே கேட்டான். வேறெப்படியும் கிடக்க அவனால் முடியவில்லை. முதல் நாட்களில் தீராந்தி முனகும்போதெல்லாம் அவன் கைகள் தாமாகவே முகத்துக்குக் குறுக்கே போயின. அப்புறம் கைகளும் சலித்துப்போயின. கண்ணை மூடிக் கிடந்தால் கடலின் இரைச்சல் கேட்டது. வாடைக்காற்றுக்கு முந்திய நல்ல மீன்பாடு தொடங்கிவிட்டது. மைத்துனன்மார் ஓர் ஆள் குறைவோடு தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் ஒரு நாள் பின்னேரம், குழு தேத்தண்ணி குடிக்கப் போயிருந்த சமயம் பார்த்து, ஒரு பனங்குற்றியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதை நிக்கொலசின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி, தீராந்திக்கு இறுக்கமாக முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அல்பேட் மருந்து அறைக்குள் ஏதோ தேடுவதுபோல் நின்றுகொண்டார். அன்றைக்கு நிக்கொலஸ் கனநாளைக்குப் பிறகு நன்றாக நித்திரை கொண்டான். அபூசாலி நானா, "இப்ப அது பேசுறல்ல. வாயில கட்டய வெச்ச மாதிரி ஈக்கிது," என்றார்.

காலையில் துரையின் தூரக்கண்ணாடியில் குற்றி பட்டது. முதலியார் ஜன்னலுக்கு வந்தபோது யூஜீனியா கஞ்சிப் பானையோடு அங்கே நின்றாள்.

"இந்த மரத்தை வைத்தது யார்?"

"என்ர தம்பிமார் ஐயா."

"எதற்காக?"

"தீராந்தி விழாமலிருக்க."

முதலியார் போய்ச் சொன்னதும் துரை கண்களை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, வருத்தத்தோடு பேசினார். முதலியார் அதே வருத்தத்தை ஜன்னலுக்குச் சுமந்து வந்தார்.

"அம்மா, உம்முடைய சகோதரர்கள் நல்லெண்ணத்தோடு செய்திருக்கலாம் என்பதைத் தலைவர் ஏற்றுக்கொள்கிறார். ஆனால் குழு இங்கே வந்திருப்பது ஆபத்தான ஒரு தீராந்தியைப் பற்றி விசாரிக்க. முட்டுக் கொடுத்த தீராந்தி ஆபத்தானதல்ல. விசாரணையிலிருக்கும் ஆபத்தைக் குறைப்பது சட்டப்படி குற்றம். இந்த முறை மன்னிக்கப்படுகிறது."

"அப்ப, விழுந்தா?"

"விழுந்தால் அதற்கு முறைப்படி வேறொரு விசாரணை உண்டு."

"அந்த விசாரணைக்கு இவர் உயிரோட இருப்பாரோ ஐயா?"

இந்தக் கேள்வியை முதலியார் தமிழிலேயே விட்டுவிட்டுப் போனார்.

பொலிஸ்காரன் குற்றியை உருவி எடுத்தான். தீராந்தி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் பழைய இடத்துக்கு இறங்கியது. குற்றியில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிச் சான்றுப் பொருளாகக் கூடாரத்துக்குள் வைத்தார்கள். அங்கே அது கித்தானுக்கு நல்ல முட்டாகப் பயன்பட்டது.

கால் சுகமானது. அல்பேட் பலகைகளை அவிழ்த்தார். நிக்கொலஸ் ஊன்றி நின்று பார்த்தான், பிறகு நாலடி நடந்து பார்த்தான். வீட்டுக்குப் போக விடை கேட்டான். அல்பேட் கையெழுத்து வைக்கப் பேனாவை எடுத்தபோது முதலியார் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் ஓடியதை ஊர் அன்றைக்குத்தான் கண்டது.

"நீர் போக முடியாது."

"சுகம் வந்திட்டுது ஐயா."

"அது உம்முடைய சொந்த விஷயம். சட்டம் என்ன சொல்கிறது? சேவை பெறும் ஒருவருக்கு நேரக்கூடிய தீங்குதான் ஆபத்து. நீர் எழும்பிப் போனால் தீங்கு யாருக்கு? ஆளில்லாவிட்டால் ஆபத்தில்லை. ஆபத்தில்லாவிட்டால் குழுவில்லை. குழு இல்லாவிட்டால், இந்தத் தீராந்தியைப் பற்றிக் கவலைப்பட இந்தத் தீவில் யார் இருக்கிறார்கள்? உம்முடைய உயிரை முன்னிட்டுத்தான் உம்மை இங்கே வைத்திருக்கிறோம்."

நிக்கொலஸ் யோசித்துப் பார்த்தான். ஒவ்வொரு துண்டாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. திரும்பக் கட்டிலில் ஏறிப் படுத்தான்.

அவன் சேவை பெறுபவனாகவே இருக்க வேண்டும் என்பதால் தினமும் ஒரு கோப்பை கொயினா மருந்து கொடுக்கும்படி உத்தரவாகியது. காய்ச்சல் இல்லாத மனிதனுக்கு அல்பேட் அதை ஊற்றிக் கொடுக்கும்போது வேறெங்கேயோ பார்ப்பார். நிக்கொலஸ் அதைக் குடித்துவிட்டு வேறெங்கேயோ பார்ப்பான். அவன் வெளிக்குப் போகும் நேரங்களில் ஆபத்து நின்றுவிடக் கூடாது என்பதற்காக, ஒரு பதில் ஆளும் நியமிக்கப்பட்டார். அபூசாலி நானாவுக்கு முத்திரை குத்திய கடிதம் ஒன்று வந்தது. நிக்கொலஸ் எழும்பினால் அவர் அந்தக் கட்டிலில் ஏறிக் கிடக்க வேண்டும்.

"அரசாங்க உத்தியோகம் மவன்," என்றார் நானா, இழுத்த மூச்சுக்கு நடுவில். "எங்கட வாப்பாக்கும் கெடைக்கல்ல. சும்மா கெடந்தாப் போதும்."

"பயமில்லையோ நானா?"

"பயந்தாக்க மூச்சு இழுக்கும். அதுக்கும் இந்தக் கட்டில்லதான் வந்து கெடக்கணும். என்னத்த செய்ற?"

மழை தொடங்கியது. ஓடுகள் நனைந்து பாரமாயின. தீராந்தியின் நடுப்பகுதி, வெறுங்கண்ணால் பார்த்தாலே தெரியும்படி, வயிறு தள்ளிக்கொண்டு கீழே வந்தது. துரை அதைத் தூரக்கண்ணாடி இல்லாமலே பார்க்க முடிந்ததைக் குறித்துத் திருப்தி தெரிவித்தார்.

அந்த மழைக்குள்தான் யூஜீனியாவுக்கு நோக்காடு வந்தது. தம்பிமார் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். மருத்துவிச்சி பாக்கியம்மா அவளைச் சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் கிடத்தினாள். அங்கேயும் மேலே அதே தீராந்திதான். ஒழுகிய தண்ணீர் அதன் வழியே ஓடிவந்து கட்டிலில் சொட்டியது. தூளும் தண்ணீரும் கலந்து சேறாக விழுந்தது.

"ஐயா, இஞ்ச ஏலாது," என்று பாக்கியம்மா அல்பேட்டிடம் சொன்னாள். "தலைப்பிள்ளைக்காரி மாதிரிக் கஷ்டப்படுறாள். நான் பிள்ளையைப் பாக்கிறதோ, கூரையைப் பாக்கிறதோ?"

அல்பேட் குடையைப் பிடித்துக்கொண்டு கூடாரத்துக்கு ஓடினார். அவளை வேறிடத்துக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார். குழு உடனே கூடியது. பிறவாத பிள்ளை சேவை பெறும் நபரா, அல்லது தாயினுடைய ஒரு பகுதியா என்ற கேள்வி எழுந்தது. சட்டத்தில் அது இல்லை. கொழும்புக்கு எழுதிக் கேட்பது என்று முடிவாகியது. முதலியார் ஜன்னலுக்கு வந்து முடிவை அறிவித்தார். மழை அவருடைய கோட்டின் எல்லாப் பொத்தான்களிலிருந்தும் வடிந்தது.

"பதில் வரும்வரை அவர் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளை உள்ளேயே பிறக்குமானால் அதுவும் ஆபத்துக்கு உட்பட்ட நபராகிவிடும். அதனால் விசாரணை இன்னும் வலுப்பெறும் என்று தலைவர் கருதுகிறார்."

திரைக்கு அப்பால் யூஜீனியா பற்களைக் கடித்துக்கொண்டு, "இஞ்சாருங்கோ," என்றாள். ஒரு சொல்தான். போன இரண்டு பிள்ளைகளைப் பெறும்போதும் அவள் அப்படித்தான் கூப்பிட்டிருந்தாள். அப்போது அவன் கடலில் நின்றான்.

நிக்கொலஸ் எழும்பினான். திரையை விலக்கி, கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தான். அல்பேட் அவனைப் பார்த்தார், தம் குடையைச் சுவரோடு சாத்தினார், கால்மாட்டைப் பிடித்தார். தம்பிமார் இரண்டு பக்கமும் வந்தார்கள். வாசலில் நின்ற பொலிஸ்காரன் இத்தனை கிழமைகளாக அந்தத் தீராந்தியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவன்; அவன் வழிவிட்டான். கட்டில் ஒன்று வெளியே போவதைக் கண்டதும் மற்ற நோயாளிகளும் பாய் தலையணையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். கடைசியாக அபூசாலி நானா, உத்தியோகக் கடிதம் நனையாமல் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

முற்றத்தில் நனையாத இடம் ஒன்றுதான் இருந்தது. கட்டில் கூடாரத்துக்குள் போனது.

"இது விசாரணைக் கூடாரம்!" என்றார் முதலியார்.

"இனிப் பிள்ளைப்பேத்துக் கூடாரம்," என்றாள் பாக்கியம்மா. "ஆம்பிளையள் எல்லாரும் வெளியில. துரையும்தான். மேசையை விட்டிட்டுப் போங்கோ, சுடுதண்ணி வைக்க வேணும்."

முதலியார் இதை ஆங்கிலமாக்காமல் தமிழிலேயே விட்டுவிட்டு நின்றார். துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பாக்கியம்மாவின் கை காட்டிய திசை விளங்கியது. அவர் தொப்பியை எடுத்து யூஜீனியாவுக்கு மரியாதை செய்துவிட்டு மழையில் இறங்கினார். ஆஸ்பத்திரி அப்போது வெறுமையாகவே இருந்தது. யாரோ ஒருவர் அங்கே ஒதுங்கலாமே என்றார். துரை அவரை, குழுவின் முதற் கடமையை மறந்துவிட்டவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எல்லாரும் பூவரசின் கீழே நின்று நனைந்தார்கள்.

பெண் பிள்ளை பிறந்தது. கத்தியது, பிறகும் கத்திக்கொண்டேயிருந்தது. நிக்கொலஸ் கூடாரத்துக்கு வெளியே சேற்றில் குந்தியிருந்து அந்தக் கத்தலைக் கேட்டான். நிற்கும், இப்போது நின்றுவிடும் என்று அவன் காத்திருந்தான். அது நிற்கவில்லை. அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

தீராந்தி விழுந்தது அப்போதல்ல. மழை விட்டு, வெயிலும் கொஞ்சம் எட்டிப் பார்த்து, எல்லாரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த வேளையில் விழுந்தது. பெரிய சத்தமும் இல்லை. நனைந்த மரம் நடுவில் மெதுவாக மடிந்தது. ஓடுகள் பின்னால் சரிந்தன. தூசி அடங்கிய பிறகு பார்த்தால், நடுக் கட்டில் இருந்த இடத்தில் கட்டில் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை.

எல்லாரும் துரையைப் பார்த்தார்கள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அன்றைக்கே, நனைந்த உடுப்போடு, கடைசி அமர்வைக் கூட்டினார். முதலியாரின் குரலில் களைப்பு இருந்தாலும் ஒரு சொல்லும் பிசகவில்லை.

"குழு அவதானித்த காலம் முழுவதும், நோயாளிகள் கீழே இருந்தவரையில், தீராந்தி விழவில்லை. அவர்கள் அனுமதியின்றி வெளியேறிய அன்றைக்கே அது விழுந்தது. இதிலிருந்து என்ன முடிவுக்கு வர வேண்டும் என்பதை நியாயமான மனிதர்களிடம் குழு விட்டுவிடுகிறது. எவருக்கும் காயம் இல்லை. ஆகவே நோயாளியின் பயம் ஆதாரமற்றது. விழுந்த தீராந்தி மறுபடி விழ முடியாது. ஆகவே ஆபத்து முற்றாக நீங்கிவிட்டது. இந்தச் சட்டத்தின் கீழ் வெற்றிகரமாக முடிந்த முதல் விசாரணை இது என்பதில் தலைவர் பெருமை கொள்கிறார்."

"கூரை, ஐயா?" என்று அல்பேட் கேட்டார்.

"கூரையைப் பற்றி விசாரிக்க எமக்கு அதிகாரம் இருந்தது. கூரை இப்போது இல்லை."

எருதுகள் காரை இழுத்துக்கொண்டு போயின. சில வாரங்களில் ஆஸ்பத்திரி மூடப்பட்டது. அல்பேட், நோயாளியை அசைத்த குற்றத்துக்காக, மலைநாட்டுப் பக்கம் மாற்றலாகிப் போனார். போகிற அன்று பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வண்டியில் ஏறினார். ஆஸ்பத்திரியே இல்லாத ஊரில் ஆஸ்பத்திரியால் வரும் ஆபத்து எதுவும் இல்லாததால், ஆத்திமுனை அந்த வருஷத்து அறிக்கையில் மாவட்டத்திலேயே மிகப் பாதுகாப்பான இடமாகக் குறிப்பிடப்பட்டது என்று கேள்வி.

மாசிப் பனியில் அபூசாலி நானாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கடையைப் பூட்டினார், வழக்கம்போல எழும்பி நடந்தார், பிறகு போவதற்கு இடமில்லை என்பது நினைவு வந்து பாதையில் உட்கார்ந்துவிட்டார். நிக்கொலஸ் அவரைத் தூக்கித் தோணியில் கிடத்தி, களப்பைக் கடந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் புறப்பட்டான். காற்று எதிராக இருந்தது. பாய் உதவவில்லை, தண்டு வலிக்க வேண்டியிருந்தது.

"மவன், அவசரப்படாத," என்றார் நானா, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் நெடுநேரம் எடுத்து. "அஸீஸாக்குச் சொல்லு. கடைல சீனி ஈக்கிது. எறும்பு புடிக்க முந்தி எடுக்கச் சொல்லு."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கரை தெரியத் தொடங்கியபோது மூச்சுச் சத்தமும் நின்றுவிட்டது. நிக்கொலஸ் தண்டை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தான். தோணி பின்னுக்குப் போகத் தொடங்கியது. மறுபடி வலித்தான்.

புத்தளம் இறங்குதுறையில் வெயிலில் ஒருவர் காருக்காகக் காத்து நின்றார். வெள்ளைக் கோட்டு, கழுத்துவரை பொத்தான். கஸ்பார் முதலியார் நிக்கொலசை அடையாளம் கண்டு, அன்போடு கிட்ட வந்தார்.

"பிள்ளை சுகமா?"

"சுகம் ஐயா. குப்புறப் பாக்குது."

முதலியார் தோணிக்குள் எட்டிப் பார்த்தார். நானாவின் முகம் அவருக்குத் தெரிந்திருந்தது. நியமனக் கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

"எங்கே நடந்தது?"

"தோணியில."

"ஆஸ்பத்திரிக்குள் அல்லவே?"

"இல்லை ஐயா. களப்பில."

"நல்லவேளை," என்றார் முதலியார், பழக்கத்தில். சொன்ன பிறகு அந்தச் சொல் அவருக்கே காதில் விழுந்ததுபோல் இருந்தது. அவர் களப்பைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் பிடியுங்கோ ஐயா," என்றான் நிக்கொலஸ். "தனிய ஏலாது. கையெல்லாம் சோர்ந்துபோச்சு."

முதலியார் முன்னும் பின்னும் பார்த்தார். இறங்குதுறையில் ஆளில்லை. உத்தரவு கொடுக்கத் துரை இல்லை. உத்தரவு வாங்கப் பியோன் இல்லை. பிறகு சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, நானாவின் கால்களைப் பிடித்தார்.

இருவருமாக அவரைத் தூக்கிவந்து மீன்வாடியின் நிழலில் கிடத்தினார்கள். தில்லையடிக்குப் போகிற ஒருவனிடம் சேதி சொல்லி அனுப்பினார்கள். வண்டி வரும்வரை முதலியார் அங்கேயே குந்தியிருந்து, கோட்டுப் பையிலிருந்த கைலேஞ்சியால் ஈ ஓட்டினார். கார் வந்து ஊதியது. அவர் கையைக் காட்டி, காத்திருக்கச் சொன்னார். அஸீஸாவும் அவளுடைய மாப்பிள்ளையும் வந்து அழுது, வாப்பாவின் மையத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் எழும்பினார். நனைந்த காலுக்குச் சப்பாத்து ஏறவில்லை, கையில் எடுத்துக்கொண்டார்.

கார்க் கதவைத் திறந்த பிறகு நினைவு வந்து திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நிக்கொலஸ், நான் தூக்கினேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதே. கேட்பார்கள். யாருடைய உத்தரவில் என்று கேட்பார்கள்."

"சொல்லமாட்டன் ஐயா."

அவன் தோணியைத் தள்ளி ஏறினான். காற்று இப்போது பின்னால் இருந்தது. பாயை ஏற்றிவிட்டுத் தோணியின் அடியில் காலை நீட்டிப் படுத்தான். மேலே வானம் மட்டும் இருந்தது. அக்கரை வந்து தோணி மணலில் தட்டும்வரை அவன் விழிக்கவில்லை.